வழித்துணையாக ஒரு சிறு வாத்தியம்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை இலங்கையில் வாகனம் வைத்திருப்போர் எளிதில் மறந்துவிடார். பெற்றோல் நிலையங்களின் முன்னே கார்கள் நாட்கணக்கில் வரிசையாக நின்ற காலம் அது. அத்தகைய வரிசையொன்றில் காத்திருந்த ஒரு மாலைப்பொழுதிலே, என் மகன் காரிலிருந்த யூக்கலேலியை எடுத்து மெல்ல வாசிக்கலானான். சிறிது நேரத்துள், முன்னும் பின்னும் நின்ற கார்களிலிருந்து சிறுவர்கள் இறங்கி வந்து அவனைச் சூழ்ந்துகொண்டனர். சலித்துப் போயிருந்த பெரியவர்களின் முகங்களிலும் புன்னகை அரும்பிற்று.

மறுநாள் நண்பகலில் காரை வரிசையிலேயே நிறுத்திவிட்டு, உணவருந்த வீடு சென்றோம். மீண்டு வந்து பார்த்தபோது, பின்கண்ணாடியின் கீழுள்ள தட்டிலே கிடந்த யூக்கலேலியின் குதிரை பசை விட்டுக் கழன்று போயிருந்தது. தந்திகள் தளர்ந்து கிடந்தன. அது கனடாவிலிருந்து வந்த என் தமையனார் கொணர்ந்து தந்த மர வாத்தியம். தந்த மறு ஆண்டிலே அவர் காலமாகிவிட்டார். குற்றம் வாத்தியத்தினதன்று, வீட்டிலே போற்றி வைக்க வேண்டியதை வெயிலிலே விட்டுச் சென்ற என்னுடையதே. காரிலே வைத்திருப்பதற்கு எத்தகைய யூக்கலேலி ஏற்றது என்னும் ஆராய்ச்சியில் நான் இறங்கியது அன்றுதான்.

யூக்கலேலி நான்கு தந்திகளையுடையது. கிட்டாரின் இளைய தங்கை போன்றது. ஹவாய்த் தீவுகளுக்கு உரியதாகவே உலகம் அதனைக் கருதினும், அதன் முன்னோர் போர்த்துக்கேயருக்குரிய மதெய்ராத் தீவின் சிறு கிட்டார்களாகும். 1879ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல் அத்தீவினின்றும் கரும்புத் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஹொனொலூலுவை அடைந்தது. அதிலே வந்திறங்கிய மரவேலைக்காரர் சிலரே பின்னர் இவ்வாத்தியத்தை அங்கு செய்து விற்கலாயினர். தந்திகளின்மீது விரல்கள் துள்ளும் விரைவைக் கண்டு, ‘துள்ளும் தெள்ளுப்பூச்சி’ என்று பொருள்படும் இப்பெயரை ஹவாய் மக்கள் சூட்டினர் என்பது வழக்கு.

பிரயாணத்துக்கு இதனிலும் பொருத்தமான தந்தி வாத்தியத்தைக் காண்டல் அரிது. சோப்பிரானோ என வழங்கும் சிறிய வகை ஏறக்குறைய 21 அங்குல நீளமும், கொன்சேட் என்னும் அடுத்த வகை 23 அங்குல நீளமும் உடையன. ஜீ, சீ, ஈ, ஏ எனச் சுருதி கூட்டிய நிலையில், கடைசித் தந்தியின் மூன்றாம் மெட்டிலே ஒரே ஒரு விரலை வைத்து மீட்டினால், சீ மேஜர் என்னும் முழு ஒத்திசை பிறக்கும். ஆதலின் தொடக்க மாணவனும் அரைமணி நேரத்திலே மகிழ்ச்சி அடைதல் கூடும்.

இனி, காரினுள் இருக்கும் பகைவனைப் பார்ப்போம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலச் சர்வகலாசாலையினர் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று, கோடை வெயிலிலே ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்ட கார்களின் உள்வெப்பத்தை அளந்து கூறுகின்றது. காரினுள்ளே காற்று சராசரி 47 பாகை செல்சியஸ். ஆசனங்கள் 51 பாகை. டாஷ்போட்டோ 69 பாகை! நிழலிலே நின்ற கார்களில் காற்று 38 பாகையளவிலும், டாஷ்போட் 48 பாகையளவிலும் இருந்தன. அரிசோனாவின் கோடை நம் சித்திரை வெயிலிலும் கொடியதே. ஆயினும் கண்ணாடியூடே புகும் வெயில் காரினைச் சூளையாக்கும் விதம் எங்கும் ஒன்றே.

இவ்வெப்பம் மர வாத்தியத்தை இருவகையாற் கெடுக்கின்றது. குதிரையையும் பலகைகளையும் பிணைக்கும் பசை, சூட்டினால் இளகுகின்றது. தந்திகள் குதிரையை ஓயாது இழுத்துக்கொண்டிருத்தலின், இளகிய பசை தோற்றுவிடுகின்றது. இஃது ஒன்று. மரம் ஈரத்தை உறிஞ்சி விரிவதும், உலர்ந்து சுருங்குவதுமாக இருத்தலின், மழைக்கால ஈரமும் குளிரூட்டியின் உலர்காற்றும் மாறிமாறித் தாக்கப் பலகை வெடிக்கின்றது. இஃது இரண்டாவது. பல மென்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகையாற் செய்தவை வெடித்தலை ஓரளவு தடுக்கும். ஆயின் குதிரையின் பசை இளகுவதை அவையும் தடுக்கமாட்டா.

மரத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கை நாடுவது இன்று தோன்றிய எண்ணமன்று. இத்தாலியிற் பிறந்து, கிட்டார் வாசிப்பிலும் கிட்டார் செய்வதிலும் வல்லவராய் விளங்கிய மாரியோ மக்கபெரி என்பார், 1939இல் அமெரிக்கா சென்று குடியேறினார். அங்கே, துணி உலர்த்தும் கவ்விகளைப் பிளாஸ்டிக்கிலே செய்து பெரும்பொருள் ஈட்டிய அவர், 1949இல் ‘ஐலண்டர்’ என்னும் பிளாஸ்டிக் யூக்கலேலியை வெளியிட்டார். அதன் விலை ஆறு டொலருக்குள் அடங்கிற்று. ஆதர் கொட்பிறி என்னும் புகழ்பெற்ற ஒலிபரப்பாளர் தொலைக்காட்சியில் யூக்கலேலிப் பாடம் நடத்திய காலமும் அதுவே. மக்கபெரியின் பிளாஸ்டிக் யூக்கலேலிகள் 90 இலட்சம் வரை விற்பனையாயின என்பர். விளையாட்டுப் பொருளெனச் சிலர் எள்ளினும், அவற்றின் மெட்டுக்கள் அச்சிலே துல்லியமாக வார்க்கப்பட்டமையால் சுருதி பிசகாது ஒலித்தன. மலிவு வேறு, இழிவு வேறு என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுவதில்லை.

இன்று சந்தையிலுள்ள பிளாஸ்டிக் வகைகளை இரு பிரிவாகக் கொள்ளலாம். முதலாவது, ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்காற் செய்தவை. காலா நிறுவனத்தாரின் ‘வோட்டர்மன்’ இவ்வகையிற் பெயர்பெற்றது. நீருக்கு அஞ்சாதது, விலையும் குறைவு, ஒலி சற்று மெலிந்தது. இரண்டாவது, பாலிகாபனேட்டுடன் காபன் இழை முதலியவற்றைக் கலந்து வார்த்தவை. எனியா நிறுவனத்தாரின் ‘நோவா’ வகை இதற்கு எடுத்துக்காட்டு. விலை சிறிது கூடினும், ஒலி கணீரென்றிருக்கும். வெப்பத்தையும் மிகுதியாகத் தாங்கும். ஏபிஎஸ் ஏறக்குறைய 100 பாகையிலும், பாலிகாபனேட் ஏறக்குறைய 145 பாகையிலும் இளகும் இயல்பின. ஆயின், தந்திகளின் இழுவையைத் தாங்கி நிற்கும் பொருள் அவ்வெல்லையை அடையுமுன்னரே சிறிது சிறிதாக வளையக்கூடும். ஆதலின், பிளாஸ்டிக்தானே என்று டாஷ்போட்டிலே போட்டுவைத்தல் ஆகாது.

கடைக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவை ஐந்து.

முதலாவதாக, திறந்த தந்தியை மீட்டுக. பின்னர் அதே தந்தியைப் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டுக. இரண்டாவது ஒலி முதலாவதன் மேல்ஸ்தாயியாக அமைதல் வேண்டும். நான்கு தந்திகளிலும் இவ்வாறு சோதித்து, பிசகு காணின் வாங்காது திரும்புக. இக்குறையைப் பின்னர் நீக்குதல் கடினம்.

இரண்டாவதாக, முதலாம் மெட்டிலே தந்தியை அழுத்திப் பார்க்க. குழந்தையின் விரல் வலிக்குமளவு தந்தி உயர்ந்திருப்பின், அவ்வாத்தியம் விரைவில் மூலைக்குப் போய்விடும்.

மூன்றாவதாக, சுருதி கூட்டும் திருகாணிகள் பற்சக்கரம் உடையனவாக இருத்தல் நலம். உராய்வினால் மட்டும் நிற்பவை, சிறிது திருகிய உடனே சுருதி பெரிதும் மாறுவதால் மாணவரைச் சலிப்படையச் செய்யும். கடற்கரை ஊரவர் திருகாணிகள் துருப்பிடியாதவையா என்பதையும் பார்த்துக்கொள்க.

நான்காவதாக, குதிரை தனியாக ஒட்டப்பட்டதா, உடலோடு சேர்த்து வார்க்கப்பட்டதா அல்லது திருகாணியாற் பொருத்தப்பட்டதா என்று நோக்குக. காருக்குரியது பின்னைய இரண்டில் ஒன்றாதல் வேண்டும்.

ஐந்தாவதாக, தந்திகள். நைலோன் தந்தி ஈரத்தை உறிஞ்சிச் சுருதி மாறும் இயல்புடையது. புளூரோகாபன் தந்தி அத்துணை மாறாது. பிளாஸ்டிக் மெட்டுக்கள் உடைய வாத்தியத்திலே உலோகச் சுற்றுள்ள தந்திகளை ஒருபோதும் பூட்டாதீர்கள், மெட்டுக்கள் தேய்ந்துவிடும்.

பொம்மைக் கடைகளிலே வண்ணம் பூசித் தொங்கவிடப்பட்டிருக்கும் யூக்கலேலிகளை நாடுவோர் பலர். அவற்றிற் பல, சுருதி நில்லாதவை. அவற்றைப் பெறும் பிள்ளை, குறை தன் காதிலே உள்ளதென எண்ணிச் சங்கீதத்தையே கைவிட்டுவிடுதல் கூடும். சில நூறு ரூபாவை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு குழந்தையின் ஆர்வத்தை இழப்பது நட்டமன்றோ?

வாங்கிய பின் வைக்கும் இடமும் முக்கியமானது. டாஷ்போட்டும் பின்கண்ணாடித் தட்டும் வேண்டாம். வெயில் நேரே விழாத ஆசனத்தின் அடியோ, டிக்கியோ ஏற்றது. வெளிர்நிற உறையிலே இட்டு, அசையாதபடி வைக்க. சடுதியாகப் பிரேக் போடும்போது எப்பொருளும் எறிபடையாகிவிடும். நெடுநேரம் வெயிலில் நிற்க நேரின் தந்திகளைச் சிறிது தளர்த்துக. எடுத்தவுடன் சுருதி கூட்ட முற்படாது, பத்து நிமிடம் நிழலிலே ஆறவிடுக. சாரதி வாகனம் செலுத்துங்கால் அதனைத் தீண்டலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இத்துணை மலிவான வாத்தியத்துக்கு இத்துணை ஆலோசனை எதற்கென வாசகர் கேட்கலாம். பிள்ளைகளை டியூஷன் வகுப்பு வாயிலிலே இறக்கிவிட்டு, ஒழுங்கை ஓரத்திலே காத்திருக்கும் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே அரைமணி நேரம் காரிலே அமர்ந்திருக்கும் மாணவரையும் நினைத்துப் பாருங்கள். சாதாரணதரப் பரீட்சை நெருங்கியதும், நம் இல்லங்களில் முதலில் மௌனமாவது வாத்தியமே. வீட்டிலே அலுமாரியின் மேல் உறங்கும் விலையுயர்ந்த வாத்தியத்தை எடுக்க நேரமில்லை. எடுத்தால் பழுதாகுமோ என்ற அச்சமும் உண்டு. கைக்கெட்டும் தூரத்திலே, கீறல் விழினும் கவலையில்லாத ஒன்று கிடந்தால், அந்த அரைமணி நேரம் இசைக்கு உரியதாகிவிடும்.

தமையனார் தந்த வாத்தியத்தை, வயலின் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் பொறுமையோடு சீராக்கித் தந்தார். அது இன்று எங்கள் வீட்டிலே, வெயில் படாத சுவரிலே இருக்கின்றது. விசேட தினங்களிலே ஒலிக்கின்றது. காரின் ஆசனத்தடியிலே கிடக்கும் பிளாஸ்டிக் யூக்கலேலியோ நாள்தோறும் ஒலிக்கின்றது. அரியதை வீட்டிலே போற்றுங்கள். எளியதை வழித்துணையாகக் கொள்ளுங்கள். இரண்டும் தத்தம் கடமையைச் செய்யும்.