காலி நாற்காலிக்கா ஆடுவாங்க?

உலகக்கோப்பை கால்பந்து என்றால் நம் வீட்டு ஆண்கள் ராத்திரி முழுக்க டி.வி. முன்னால்தான். நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஆடினால் மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை!

2018 ஜூன் 1-ம் தேதி மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என ஜெயித்ததை நேரில் பார்த்தவர்கள் வெறும் 2,569 பேர். 'திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள்' என்று கேப்டன் சுனில் சேத்ரி வீடியோவில் கெஞ்சினார். ஜூன் 4-ம் தேதி கென்யாவுடன் நடந்த ஆட்டத்துக்குக் கொட்டும் மழையிலும் அரங்கம் நிறைந்தது, 3-0 வெற்றி!

ஜெயிக்கிறவங்களுக்குக் கைதட்ட ஊரே வரும். தோற்கிற அன்றைக்கும் போய் உட்காருவதுதான் ரசிகர் கடன். பக்கத்துக் கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கே ஆடினாரே! சகோதரிகளே, சீரியல் ஒருநாள் போகட்டும். உப்பளம் மைதானத்தில் ஆட்டம் என்றால், பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போவோம்.

- ஒரு வாசகி, புதுச்சேரி