நம் பெயரில் யாரோ நடத்தும் கம்பெனி

கட்டுமாவடி மீன் மார்க்கெட்டில் எடை போடும்போது நாம் தராசை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. ஆனால் சிம் கார்டுக்கும் கடனுக்கும் ஆதார், பான் கார்டு ஜெராக்ஸை யார் கேட்டாலும் நீட்டிவிடுகிறோம்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின், இத்தகைய நகல்களை வைத்துப் பிறர் பெயரில் கம்பெனி பதிவு செய்து, சரக்கே இல்லாமல் பில் போடும் மோசடிகள் நாடெங்கும் பிடிபட்டுள்ளன. தமிழகத்தில் கூலித் தொழிலாளர்களுக்கே லட்சக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்திருக்கிறது.

ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடினால், அதன் பேரில் உள்ள பதிவுகள் தெரிந்துவிடும். ஆடிட்டரிடம் போகும்போது வீட்டாரின் எண்களையும் பார்த்து வாருங்கள். மனைவி பெயரில் கடை வைத்திருப்போர் நம்மில் எத்தனை பேர்! தெரியாத பதிவு இருந்தால் வணிகவரி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புதல் ரசீது பெறுங்கள். வங்கிப் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

நகல் கொடுத்தே தீரவேண்டுமென்றால், யாருக்கு, எதற்கு, என்ன தேதி என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். பல இடங்களில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரே போதும்.

இன்னொன்று: வாடிக்கையாளர் நம்மிடம் தந்த நகல்களைப் பொட்டலம் மடிக்கப் போட்டுவிடாதீர்கள்.