வலிப்பு நின்ற பிறகும் ஆள் மாறினால்

மலேசியாவின் புக்கிட் பெலிம்பிங்கில் இருட்டிய பிறகு சிலாங்கூர் ஆற்றில் படகேறினால், கரையோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகளைப் பார்க்கலாம். ஆளுக்கொரு பக்கமாக மினுங்கத் தொடங்குபவை சற்று நேரத்தில் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். மரம் முழுக்க ஒன்றாக எரியும், ஒன்றாக அணையும். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்க்கும் அழகு அது. ஆனால் மூளைக்குள் இதே நடந்தால் அதற்குப் பெயர் வலிப்பு.

மூளையின் நரம்பணுக்கள் தத்தம் வேலைக்கேற்ப முன்னும் பின்னுமாக மின்னிக்கொண்டிருக்க வேண்டும். அவற்றில் ஒரு கூட்டம் திடீரென்று ஒரே தாளத்தில் மின்னினால் அந்த இடத்தின் வேலை நின்றுபோகிறது. அது மூளை முழுக்கப் பரவினால் ஆள் விழுவார், கை கால் இழுக்கும். ஒரு மூலையோடு நின்றுவிட்டால் விழமாட்டார். பேசிக்கொண்டிருந்தவர் வெறித்துப் பார்ப்பார், வாயை மெல்லுவார், சட்டைப் பொத்தானைத் திருகுவார். ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும், நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இருக்காது. தோட்டத்து வீடுகளில் இதை வலிப்பென்று யாரும் எண்ணுவதில்லை. “கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான், திமிரு” என்று பேச்சு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது இதுவாக இருக்கலாம்.

கிளினிக்கில் முதலில் கேட்பது “எத்தனை தடவை வந்தது?” என்றுதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மாத்திரையோடு வீடு திரும்புகிறார்கள். மனத்தை அழுத்தும் சங்கதி வாசலைத் தாண்டிய பிறகுதான் வாயில் வரும்: “இழுப்பு கொறைஞ்சிருச்சு. ஆனா ஆளே மாறிட்டாரு. தொட்டதுக்கெல்லாம் கோவம். காலையில சொன்னது சாயங்காலம் ஞாபகம் இல்ல.” இதை மருத்துவரிடமே சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஞாபகமும் குணமும் ஏன் சேர்ந்தே கெடுகின்றன? பெரியவர்களுக்கு வரும் வலிப்பில் பெரும்பங்கு காதுக்கு மேலே, கன்னப்பொறிக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியிலிருந்து கிளம்புகிறது. அன்றாட நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் அங்கேதான் இருக்கிறது. அச்சத்தையும் சினத்தையும் எழுப்பும் அமிக்டலா அதை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றில் தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்கும் புகை போகும். பாதிப்பு இடப்பக்கம் என்றால் பெரும்பாலும் பெயர்களும் சொற்களும் நழுவும். வலப்பக்கம் என்றால் முகமும் வழியும் குழம்பலாம்.

ஹிப்போகாம்பஸின் வேலையை உலகம் அறிந்துகொள்ள ஒரு மனிதர் கொடுத்த விலை பெரியது. அமெரிக்கரான ஹென்றி மொலாய்சனுக்குக் கடும் வலிப்பு. 1953இல், அவருடைய 27ஆம் வயதில், மூளையின் இரு பக்கத்திலும் இந்தப் பகுதியை அறுத்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008இல் இறக்கும்வரை புதிதாக எந்த நிகழ்ச்சியும் அவர் மனத்தில் தங்கவில்லை. பழகியவர்கள் அவரைக் கடைசிவரை சாதுவான, இனிய மனிதராகவே கண்டார்கள். ஞாபகம் போனதாலேயே குணம் போய்விடாது என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டாம். இன்று அந்த அறுவை மருத்துவத்தை ஒரு பக்கத்தில் மட்டும், ஞாபகத்தைச் சோதித்துப் பார்த்த பிறகே செய்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் அது நடக்கிறது.

1970களில் நார்மன் கெஷ்விண்ட் என்ற நரம்பியல் மருத்துவர் இந்தப் பகுதியிலிருந்து கிளம்பும் வலிப்பு உள்ள சிலரிடம் மிகுந்த பக்தி, ஓயாமல் எழுதுவது, பேச்சை விடாமல் இழுப்பது போன்றவற்றைக் கண்டு எழுதினார். பிந்தைய ஆய்வுகளில் அது எல்லோரிடமும் காணப்படவில்லை. ‘வலிப்புக்காரர் குணம்’ என்று ஒன்று கிடையாது. அப்படி ஒரு முத்திரை குத்துவது அநியாயம்.

மாத்திரையையும் பார்க்க வேண்டும். லெவெட்டிராசிட்டம் வலிப்பை நன்றாக அடக்கும், ஆனால் சிலருக்கு எரிச்சலையும் வெடிக்கும் கோபத்தையும் கொண்டுவரும். டோப்பிராமேட் சாப்பிடுகிறவருக்கு வாய்க்கு வந்த சொல் நழுவலாம். ஃபீனோபார்பிட்டால் மந்தமாக்கும். “எப்போதிலிருந்து இப்படி?” என்ற தேதியும் மாத்திரை மாறிய தேதியும் ஒன்றாக இருந்தால் அது பெரிய துப்பு. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். ஆனால் அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். திடீரென்று தானாக நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மீதியைச் செய்வது பயமும் வெட்கமும். மலாயில் இதன் பழைய பெயர் ‘கிலா பாபி’, அதாவது பன்றிப் பைத்தியம். நாமோ ‘காக்காய் வலிப்பு’ என்கிறோம். இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டமே வலிப்பைச் சித்தப்பிரமையோடு சேர்த்து எழுதி வைத்திருந்தது. 1999இல்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். பெண் கேட்கப் போகும் இடத்தில் மறைத்து, வேலையிடத்தில் மறைத்து, எப்போது விழுவோமோ என்று நடுங்கி வாழ்கிறவருக்கு மனச்சோர்வு வருவதில் வியப்பென்ன? மனச்சோர்வே ஞாபகத்தைத் தின்னும். அதற்கும் மருத்துவம் உண்டு.

அவசரமான ஒன்று. அடுத்தடுத்துப் பல வலிப்பு வந்து, ஓரிரு நாள் தெளிவாக இருந்தவர், திடீரென்று யாரோ பேசுவது கேட்கிறது, யாரோ கொல்லப் பார்க்கிறார்கள் என்று சொன்னால் அது பேயல்ல. வலிப்புக்குப் பின் மூளை கலங்கியிருக்கிறது. பெரும்பாலும் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் மருந்தில் தணிந்துவிடும். கோயிலில் வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் அன்றே தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கும் கொண்டு போங்கள். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 999ஐ அழையுங்கள். கையில் கொடுக்கச் சாவிக்கொத்தைத் தேட வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள்.

அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட்தான், வல்லுநரிடம் 5 ரிங்கிட். அடுத்த முறை போகும்போது வீட்டிலிருந்து ஒருவர் கூடவே அறைக்குள் போங்கள். மாத்திரை மாறிய நாள், கோபம் தொடங்கிய நாள், மறந்துபோன காரியங்கள் எல்லாவற்றையும் ஒரு பழைய பள்ளி நோட்டில் குறித்து எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், மலாயில் ‘செப்பாட் மாரா’, ‘செலாலு லுப்பா’ என்ற இரண்டைச் சொன்னால் போதும்: சீக்கிரம் கோபப்படுகிறார், எப்போதும் மறக்கிறார். அதன் பிறகு கேள்விகளை அவரே கேட்பார்.