பட்டத்துக்காகக் கடல் தாண்டும் ஜங்லிகாட் மாணவர்கள்

புது தில்லி: தென்மேற்குப் பருவக்காற்றில் வங்கக் கடல் கொந்தளிக்கும் ஜூலை மாதத்தையொட்டித்தான் பல்கலைக்கழகங்களில் முதுநிலை வகுப்புகள் தொடங்குகின்றன. அந்தமானின் ஜங்லிகாட் பகுதி மாணவர்கள் பலருக்கு மேற்படிப்பின் முதல் பாடம் கப்பலிலேயே ஆரம்பமாகிவிடுகிறது.

2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், மீன்பிடித் துறையையொட்டி அமைந்துள்ளது ஜங்லிகாட். தமிழரும் தெலுங்கரும் வாழும் பகுதி. இங்கிருந்து சென்னைக்குக் கடல்வழியில் சுமார் 1,190 கி.மீ.; கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரம்தான் என்றாலும், தீவுவாசிகளுக்கான சலுகைக் கட்டணம் கப்பலையே எளிய குடும்பங்களுக்கு உகந்ததாக்குகிறது. மாதத்துக்குச் சில பயணங்களே இருப்பதால், குறுகிய விடுமுறைகளில் ஊர் திரும்புவதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

உள்ளூரில் வாய்ப்பே இல்லை என்பதல்ல. 1967-ல் தொடங்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி உள்ளது. சில கிலோமீட்டர் தொலைவில் புரூக்ஷாபாதில் புதுவைப் பல்கலைக்கழக வளாகத்தில் கடல் உயிரியல் பயிலலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பேரிடர் மேலாண்மைப் படிப்பும் வந்தது. பவளப் பாறைகளையும் அலையாத்திக் காடுகளையும் வாசலிலேயே கொண்ட மாணவனுக்கு இது பெரும் பேறு. ஆனால் வரலாறோ பொருளாதாரமோ ஆய்வு செய்ய விரும்புவோரின் நிலை வேறு. தீவுகளை ஆராய 'மெயின்லேண்ட்' ஆய்வாளர்கள் வந்திறங்க, தீவின் இளைஞர்கள் அங்கே செல்லும் விசித்திரம் இதனால்தான் தொடர்கிறது.

இணையமும் நெடுங்காலம் கைகொடுக்கவில்லை. செயற்கைக்கோள் வழி வந்த இணைப்பில் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தரவிறக்குவதே பெரும்பாடாக இருந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கண்ணாடி இழை வடம் திறக்கப்பட்ட பிறகே நிலைமை மாறியது. வடம் கடலைக் கடந்துவிட்டது. பட்டம் வழங்கும் அதிகாரம் கடக்கவில்லை. தொடக்கத்தில் சண்டீகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்த இத்தீவுகளின் உயர்கல்வி, பின்னர் 1985-ம் ஆண்டுச் சட்டத்தால் உருவான புதுவைப் பல்கலைக்கழகத்தின் வரம்புக்குள் வந்தது.

நாடாளுமன்றம் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு லடாக் சான்று. 2011 கணக்கெடுப்பின்படி அங்கு மக்கள்தொகை சுமார் 2.74 லட்சம், அந்தமான் நிகோபாரில் 3.80 லட்சம். இரண்டுமே சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசங்கள். மக்களவையில் இரண்டுக்கும் தலா ஓர் இடம்தான். ஆயினும் 2021 ஜூலையில் சிந்து மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு மத்திய அமைச்சரவை ரூ.750 கோடி ஒதுக்க ஒப்புதல் அளித்தது. ஆகஸ்டில் இரு அவைகளிலும் மசோதா நிறைவேறியது. எல்லைப் பகுதி என்பது லடாக்குக்குக் கூறப்படும் காரணமானால், மலாக்கா நீரிணையின் வாயிலில் நிற்கும் தீவுகளை என்னவென்பது?

தீவுகளின் கல்லூரிகளை ஒருங்கிணைத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, 2025-ல் மாணவர்கள் வகுப்புகளை விட்டுத் தெருவுக்கு வந்தனர். அவர்கள் கேட்டது மத்தியப் பல்கலைக்கழகம்.