இழையின் நுனியில் யார்?

நூல்கண்டைப் பிரிக்கும்போது நாம் முதலில் தேடுவது நுனியைத்தான். டி.என்.ஏ. இழையின் நுனியில் நிற்பது அடினைனா, குவானைனா, சைட்டோசைனா, தைமினா? ஆயிரமாயிரம் எழுத்துகளுள் அந்த ஒன்றைக் கண்டுகொள்ள, அதற்கு மட்டும் பொட்டு வைத்தாக வேண்டும்! 1965-இல் அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட்சன் அறிவித்த கைனேஸ் நொதி அதைச் செய்கிறது.

முதலில் வேறொரு நொதியால் 5' எனப்படும் நுனியின் பாஸ்பேட்டை நீக்குகிறோம். காலியான அவ்விடத்தில் கைனேஸ், கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 உள்ள பாஸ்பேட்டைப் பொருத்துகிறது. முதல் நொதி சிறிதளவு எஞ்சியிருந்தாலும் புதுப் பொட்டையும் அழித்துவிடும். பட்ட பாடெல்லாம் வீண். ஆகவே அதை முன்பே அகற்றுவதில்தான் கைத்திறன் இருக்கிறது.

பிறகு இழையைத் தனித்தனி நியூக்ளியோடைடுகளாகச் சிதைத்து, ஈரத்தாளில் மின்சாரம் செலுத்தினால் நான்கும் வெவ்வேறு இடங்களில் நிற்கும். கதிர்வீச்சு எதிலிருந்து வருகிறதோ, அதுவே நுனி. பாஸ்பரஸ்-32 சுமார் 14 நாள்களில் பாதியாகிவிடுவதால், நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட இங்கே வழியில்லை.