முதல் முறையா கப்பல்ல போறீங்களா? வயிற்றையும் தூக்கத்தையும் கவனிச்சுக்குங்க!

"மருந்தெல்லாம் எங்கம்மா வெச்சிருக்கே?"

"பெரிய பெட்டியில, புடவைக்கு நடுவுல பத்திரமா வெச்சிருக்கேன்டா!"

சிங்கப்பூர் துறைமுகத்தில் பெட்டிகளை ஊழியர்களிடம் ஒப்படைத்த பிறகுதான் மகனுக்கு இந்தக் கேள்வியே தோன்றியது. பெட்டிகள் அதற்குள் போய்விட்டன!

அந்த அம்மா எங்கள் உறவினர். வயது 64. பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். காலை, இரவு இரண்டு வேளையும் இன்சுலின். பகல் பன்னிரண்டு மணிக்குக் கொடுத்த பெட்டி, அறை வாசலுக்கு வந்தபோது இரவு ஒன்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை அம்மா சும்மா இருந்தாரா? "காசு கட்டியாச்சு, வீணாப் போகலாமா?" என்று நூடுல்ஸ், கேக், ஐஸ்க்ரீம் என எல்லாவற்றிலும் கை வைத்தாயிற்று. நடு இரவில் தாங்க முடியாத தாகம், அசதி, குமட்டல். சர்க்கரை அளவு 400-ஐத் தாண்டிவிட்டது. நல்ல வேளையாகக் கப்பலிலேயே டாக்டர் இருந்தார். ஊசி, சலைன் என்று விடிவதற்குள் நிலைமை சரியானது. ஆனால், மறுநாள் பினாங்கு ஊரை மற்றவர்கள்தான் சுற்றிப் பார்த்தார்கள். மருத்துவச் செலவுக்குத் தனி பில்!

"கடலைப் பார்க்கப் போனேன். கூரையைப் பார்த்துட்டு வந்தேன்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார் அந்த அம்மா. சிரிக்கும்படி முடிந்ததே, அது பெரிய விஷயம்.

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் கிளம்பியதும், நம் வீடுகளிலும் "ஒரு தடவை போய்ப் பார்த்தா என்ன?" என்கிற பேச்சு வர ஆரம்பித்தது. சிங்கப்பூர் சுற்றுலாவோடு மூன்று, நான்கு இரவுக் கப்பல் பயணத்தையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் பலர். தாராளமாகப் போகலாம். ஆனால் ஒன்று... கப்பலில் வயிறும் தூக்கமும் சரியாக இருப்பது, கப்பல் ஏறிய பிறகு நடக்கிற காரியமில்லை. டிக்கெட் எடுக்கும்போதும், பெட்டி கட்டும்போதும் பாதி முடிவாகிவிடுகிறது!

எந்த அறை கேட்கலாம்?

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் தூக்கிப் போடும். நடுவில் உட்கார்ந்தால் அவ்வளவாகத் தெரியாது, இல்லையா? கப்பலும் அப்படித்தான். முன்முனையும் பின்முனையும் சீசா பலகை மாதிரி ஏறி இறங்கும். நடுப்பகுதி ஏறக்குறைய ஆடாமல் இருக்கும். மேல்தளத்தைவிடக் கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. எனவே காரில் போனாலே வாந்தி எடுப்பவர்கள், "கீழ்த்தளம், நடுப்பகுதி" என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். மேலே போகப் போக வாடகை கூடும் என்பதால், இதில் பணமும் மிச்சம்!

அறைகள் பொதுவாக மூன்று வகை. ஜன்னலே இல்லாத உள் அறை, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் உள்ள அறை, பால்கனி உள்ள அறை. உள் அறைதான் மலிவு. ஆனால் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. பகலா இரவா என்றே தெரியாது. வயதானவர்கள் நடு இரவில் எழுந்து திசை தெரியாமல் தடுமாறுவார்கள். குளியலறை விளக்கைப் போட்டு, கதவை லேசாகத் திறந்து வையுங்கள். சின்ன இரவு விளக்கு ஒன்று கைவசம் இருந்தால் இன்னும் நல்லது. பேட்டரியில் எரிகிறதாக இருக்கட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். உங்கள் அறைக்கு மேல்தளத்திலும் கீழ்தளத்திலும் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். மேலே நீச்சல் குளம், கீழே நடன அரங்கு என்றால் தூக்கம் அம்போ! மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் நிம்மதி. மூட்டுவலிக்காரர்கள் லிஃப்ட்டுக்குப் பக்கத்து அறையாகக் கேளுங்கள். கப்பலின் வராந்தாக்கள் ரயில் பிளாட்பாரம் மாதிரி நீளமானவை. நான்கு பேர் அறை என்றால் இரண்டு படுக்கை மேலே இருக்கும். அதில் ஏணி வைத்து ஏற வேண்டும். பெரியவர்களுக்கு அது வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும்...

குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு மேடு இருக்கும். காலை இடித்துக்கொள்வதும் தடுக்கி விழுவதும் அங்கேதான். முதல் நாளே வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள். கழிப்பறை, காற்றால் உறிஞ்சுகிற வகை. 'புஸ்' என்று பெரிய சத்தம் வரும். பயப்பட வேண்டாம். அதற்குரிய காகிதம் தவிர வேறெதையும் அதில் போடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். நம்மூர் போலக் கை ஸ்பிரே பல கப்பல்களில் கிடையாது. வெட்கப்படாமல் ஒரு பிளாஸ்டிக் சொம்பைப் பெட்டியில் போடுங்கள். புண்ணியமாகப் போகும்!

ஏ.சி. குளிர் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சால்வை, சாக்ஸ் அவசியம். அயர்ன் பாக்ஸ், கெட்டில், ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு... இவற்றைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தீ விபத்து பயத்தால் இவற்றை அனுமதிப்பதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் தருவார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஆபத்து நேர்ந்தால் எங்கே கூட வேண்டும், அறையிலிருந்து அங்கே எப்படிப் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய பலருக்குப் பாதுகாப்புப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், கப்பல் புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்ற சர்வதேச விதி 2015-ல் நடைமுறைக்கு வந்தது. "இதெல்லாம் எதுக்கு?" என்று அறையிலேயே படுத்துவிடாதீர்கள்.

தலை சுற்றுதா?

நம் காதுக்குள் உடம்பின் சமநிலையைக் கவனிக்கிற பகுதி ஒன்று உண்டு. கப்பல் ஆடும்போது அது "ஆடுறோம்" என்று மூளைக்குச் சொல்கிறது. அறைக்குள் இருக்கிற கண்ணோ, அசையாத சுவரைப் பார்த்து "ஆடலையே" என்கிறது. இந்தச் சண்டையில் மூளை குழம்புவதுதான் தலைசுற்றலும் குமட்டலும். அதனால்தான் அறைக்குள் படுத்துக்கொண்டு செல்போன் பார்த்தால் இன்னும் மோசமாகிறது. மேல்தளத்துக்குப் போய், காற்றாட நின்று, கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பாருங்கள். கண்ணும் காதும் சமாதானமாகிவிடும். வெளியே போக முடியாவிட்டால் கண்ணை மூடிப் படுங்கள்.

பெரிய கப்பல்களில் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க மீன் துடுப்பு போன்ற அமைப்பு உண்டு. மலாக்கா நீரிணையில் கடல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் வருகிற காலம். முதல் முறை போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்த்தால் நல்லது.

மாத்திரை சாப்பிடுவதென்றால், தலை சுற்றிய பிறகு சாப்பிட்டு அதிகப் பயனில்லை. ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். சின்னரிசின், ப்ரோமெத்தசின் போன்றவை தூக்கம் வரவழைக்கும். மதுவோடு சேரவே கூடாது. கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். நடுக்குவாதம் உள்ளவர்களுக்குச் சின்னரிசின் ஆகாது. இஞ்சி சிலருக்கு நன்றாகக் கேட்கிறது. இஞ்சி மிட்டாய் பாக்கெட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. ரொட்டி, பிஸ்கட், ஆப்பிள் போல எண்ணெய் இல்லாததாகக் கொஞ்சம் சாப்பிடுவதே நல்லது.

பஃபேயில் ஒரு ரவுண்டு!

காலை முதல் இரவு வரை ஏதாவது ஒரு இடத்தில் சாப்பாடு இருந்துகொண்டே இருக்கும். நான்கு நாளும் கல்யாண வீடுதான்! இங்கேதான் வினையே. தட்டை எடுக்காமல், வெறும் கையோடு முதலில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பிறகு தட்டில் பாதி காய்கறியும் சாலடும், கால் பங்கு சோறோ ரொட்டியோ, கால் பங்கு பருப்போ மீனோ. "கட்டின காசு வீணாகுதே" என்று நினைக்காதீர்கள். காசு ஏற்கெனவே போயாச்சு. உடம்பும் போக வேண்டுமா?

சூப், சாஸ், ஊறுகாய், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் உப்பு அதிகம். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பஃபே பிடிக்காதவர்களுக்கு, உட்கார வைத்துப் பரிமாறுகிற பெரிய சாப்பாட்டுக் கூடம் உண்டு. சில கப்பல்களில் அங்கே முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று நேரம் பிரித்திருப்பார்கள். நீங்கள் மாத்திரை, இன்சுலின் எடுக்கும் நேரத்துக்கு ஒத்துவருகிற பந்தியைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள். தனிக் கட்டண உணவகங்களும் உண்டு. விலை கேட்காமல் உட்கார்ந்துவிடாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயணம் பதியும்போதே சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்திய உணவு பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் அது ரொட்டி, பருப்பு, பனீர் வகைதான்; ரசம் சாதத்தை நம்பிப் போகாதீர்கள். 'வெஜிடபிள்' என்று எழுதியிருந்தாலும் சூப்பில் கோழி வேகவைத்த தண்ணீரும், நூடுல்ஸில் மீன் சாஸும், புட்டிங்கில் ஜெலட்டினும் இருக்கலாம். கேட்டுச் சாப்பிடுங்கள். வீட்டில் செய்த உணவைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. சீல் பிரிக்காத பாக்கெட்டுகளுக்குத் தடையிருக்காது.

சர்க்கரை நோயாளிகளே, உஷார்!

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தாய்லாந்தின் புக்கெட்டில் இறங்கினால் அங்கே சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். மருந்தை எந்தக் கடிகாரப்படி சாப்பிடுவது? ஊரிலிருந்து கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விமானத்தில் இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். சரக்குப் பகுதியில் உறைந்து கெட்டுப்போகலாம். உபயோகத்தில் இருக்கிற குப்பி, ஏ.சி. அறையில் வெளியிலேயே இருக்கலாம். பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் வரை தாங்கும். பிரிக்காத குப்பிகளுக்கு அறையில் உள்ள சின்ன ஃபிரிட்ஜின் குளிர் போதாமல் போகலாம். அறைப் பணியாளரிடம் சொன்னால் ஏற்பாடு செய்வார். கரையில் இறங்கிச் சுற்றும் நாளில் நடை அதிகம், சாப்பாடு தாமதமாகும், சர்க்கரை இறங்கிவிடும். குளுக்கோஸும் பிஸ்கட் பாக்கெட்டும் கையில் இருக்கட்டும்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை... 24 வாரம் ஆகிவிட்டால் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றுவதில்லை.

கையைக் கழுவுங்க!

நிறையப் பேர் ஒரே கூரையின் கீழ் சாப்பிடுகிற இடம். ஒருவருக்கு வந்த வாந்தி, பேதி பலருக்கும் பரவும். இதற்குப் பெரும்பாலும் காரணம் நோரோ வைரஸ். வாசலில் தருகிற சானிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாகச் செல்லாது. சோப்பும் தண்ணீரும்தான் வழி. இருபது விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். அதிலும், கையால் சாப்பிடுகிற நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஃபே கரண்டியை எல்லோரும் தொடுகிறார்கள். எனவே பரிமாறிக்கொண்ட பிறகு கழுவிவிட்டு, அப்புறம் தட்டில் கை வையுங்கள். பேதி வந்தால் மறைக்காமல் கப்பல் டாக்டரிடம் போங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி பாக்கெட்டுகள் எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

கைப்பையில் என்ன?

* பயணம் முழுமைக்குமான மருந்துகள். கூடவே இரண்டு, மூன்று நாளுக்கு அதிகமாக.
* மருந்துச் சீட்டின் நகல். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி தேவைப்படலாம், விசாரித்துக்கொள்ளுங்கள்.
* சர்க்கரை பார்க்கும் கருவி, மூக்குக்கண்ணாடி, செயற்கைப் பல் டப்பா.
* ஒரு செட் மாற்றுத் துணி, சால்வை.
* பாஸ்போர்ட், கப்பல் பயணத்துக்கும் பொருந்துகிற மருத்துவ இன்ஷூரன்ஸ் தாள்.

ஆமாம், அந்த அம்மா என்ன ஆனார் என்கிறீர்களா? போன வருடம் மறுபடியும் கிளம்பினார். நடுப்பகுதியில் அறை, பாதித் தட்டு காய்கறி. பெட்டியை ஒப்படைக்கிற இடத்தில் ஊழியர் கைப்பைக்கும் கை நீட்ட, அம்மா நெஞ்சோடு அணைத்துக்கொண்டாராம்.

"இது மட்டும் என்கிட்டயே இருக்கட்டும், தம்பி!"

இந்த முறை பினாங்கையும் பார்த்தார், கடலையும் பார்த்தார். நீங்களும் போய் வாருங்கள்!