முதுமைக்குப் புதுமை பகையன்று

"இந்த வயதில் உங்களுக்கு இதெல்லாம் எதற்கு, தாத்தா?" என்னும் சொல்லை நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கிறோம். கைப்பேசியை ஏந்தித் திகைத்து நிற்கும் முதியவரை நோக்கிப் பேரன் கூறுவது அது. சில வேளைகளில் முதியவரே தமக்குத் தாமே கூறிக்கொள்வதும் அதுவே. இச்சொல்லில் உண்மை உண்டா என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

இன்று எண்பது வயதைக் கடந்தோர் தம் வாழ்நாளில் கண்ட மாறுதல்கள்தாம் எத்தனை! பதினாறு அணா ஒரு ரூபாய் என்று பயின்ற சிறுவர், 1957 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி, நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்று புதிதாகக் கற்றனர். படியும் வீசையும் மறைந்து லிட்டரும் கிலோவும் வந்தன. விறகடுப்பை ஊதிய அன்னையர், முதலில் அஞ்சினாலும், கேஸ் அடுப்பைப் பற்றவைத்தனர். 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. இன்பச் செய்திக்கும் துன்பச் செய்திக்கும் நாம் நம்பியிருந்த தந்தி, 2013 ஜூலையில் விடைபெற்றது. இவற்றுக்கெல்லாம் ஈடுகொடுத்தவர்க்கு, உள்ளங்கையளவுக் கருவி ஒன்று மட்டும் எட்டாக்கனியாவது ஏன்?

அணா போனபோது ஊரே சேர்ந்து கற்றது. பழைய காசும் புதிய காசும் சில ஆண்டுகள் ஒன்றாகவே புழங்கின. இன்றோ, மற்றவர் அனைவரும் கற்று முடித்த பின்னர், முதியவர் தனியே கற்க வேண்டியுள்ளது. கண் மங்குகிறது, உலர்ந்த விரலின் தொடுதலைக் கண்ணாடித் திரை உணர மறுக்கிறது. குறை அறிவில் இல்லை. துணையும் பொறுமையும் இல்லாமையே குறை.

துணை கிடைத்தால் எதுவும் இயலும் என்பதற்கு ஜப்பான் நாட்டு மூதாட்டி மசாகோ வகாமியா சான்றாவார். 1935-இல் பிறந்த இவர், மணிச்சட்டத்தைக் கொண்டு கணக்கிட்ட காலத்தில் வங்கிப் பணியில் சேர்ந்தவர். ஓய்வு பெறும் வேளையில், முதிய தாயைப் பேணியவாறு வீட்டோடு இருக்க நேர்ந்தபோது, நண்பர்களோடு அளவளாவக் கணினி ஒன்றை வாங்கினார். அதனைப் பொருத்தி இயக்கவே அவருக்கு மூன்று மாதங்கள் ஆயின! கைப்பேசி விளையாட்டுகளில் விரைந்து விரலோட்டும் இளையோரே வெல்வதைக் கண்ட அவர், முதியோர் வெல்லக்கூடிய விளையாட்டு ஒன்றை ஆக்க விழைந்தார். தொலைவில் வாழ்ந்த இளைஞர் ஒருவரிடம் இணையத்தின் வழியே கற்று, தமது 81-ஆம் வயதில், 2017-இல், 'ஹினாதான்' என்னும் செயலியை வெளியிட்டார். நம் நாட்டுக் கொலுவைப் போன்று, ஜப்பானியப் பொம்மைத் திருநாளில் படிகளில் அடுக்கப்படும் பன்னிரண்டு பொம்மைகளை முறையாக வைப்பதே அவ்விளையாட்டு. விரைவு வேண்டா, மரபறிவே வேண்டும். அவ்வாண்டு ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் கலிபோர்னிய மாநாட்டுக்கு அவரை அழைத்துச் சிறப்பித்தது.

நம் முதியோர் அனைவரும் செயலி ஆக்க வேண்டுவதில்லை. ஆயின், அன்றாட வாழ்வுக்கே இக்கல்வி இன்று தேவையாகிவிட்டது. மத்திய அரசின் ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று அளித்தல் வேண்டும். தவறின் ஓய்வூதியம் தடைப்படும். இச்சான்றை மின்வழி அளிக்கும் 'ஜீவன் பிரமாண்' முறை 2014-இல் வந்தது. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை இயந்திரம் எப்போதும் ஏற்பதில்லை. எனவே 2021 நவம்பரில், கைப்பேசியில் முகத்தைக் காட்டியே சான்று பெறும் வழியும் திறந்தது. படுக்கையில் இருப்போர்க்கு இஃது எத்துணைப் பேருதவி!

கற்பிப்போர்க்குச் சில சொற்கள்: கருவியைப் பிடுங்கி நீங்களே செய்து முடிக்காதீர்கள், அவர்கள் விரலே திரையைத் தொடட்டும். எழுத்துகளைப் பெரிதாக்கிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். படிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதி வையுங்கள். பத்தாம் முறை கேட்டாலும் முதல் முறை போலவே விடை கூறுங்கள்.

ஏமாற்றுவோரைப் பற்றியும் எச்சரித்தல் நம் கடமை. ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் கூறலாகாது. வங்கி அதனைக் கேட்பதில்லை. காவலர் போல் தோன்றி 'டிஜிட்டல் கைது' என மிரட்டினால் அஞ்ச வேண்டா. சட்டத்தில் அத்தகைய கைது இல்லை. பணம் பறிபோனால் நாணி மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்கலாம். ஏமாந்தவரை ஏசும் இல்லத்தில், அவர் அடுத்த முறை உண்மையைச் சொல்லத் துணியார் என்பதையும் மறவாதிருப்போம்.

நம் விரலைப் பிடித்து 'அ' எழுதப் பழக்கிய கைகள் அவை. நாம் எத்தனை முறை பிழையாக எழுதினோம் என்று அவர்கள் கணக்கு வைக்கவில்லை. இன்று அவர்கள் விரலைப் பிடிக்கும் முறை நம்முடையது.